ரோமாபுரியில் ஏழாம் வாய்ப்பாடு

ரோமாபுரிக்குப் போக எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம் போதும். நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். என்னோடு வாருங்கள், காட்டுகிறேன்.

பெட்ரோல் பங்கைத் தாண்டினால் ஒரு பெரிய தகரக் கதவு. அதற்குள் நுழைந்து, பழைய டயர் குவியலைச் சுற்றிக்கொண்டு திரும்பினால், அம்மாடியோ! அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் தூண்கள்! யானையே நுழையக்கூடிய வளைவு வாசல்! வெள்ளைப் பளிங்குப் படிகள்! ஈட்டியும் கேடயமுமாக இருநூறு வீரர்கள்!

பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தால் மட்டும் எல்லாம் பலகையும் ஆணியும் இரும்புக் குழாயுமாக இருக்கும். வீரர்கள் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு டீக்கு வரிசையில் நிற்பார்கள். சக்கரவர்த்தி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பு கடித்த காலை வாளித் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டிருப்பார்.

அங்கே ஒரு சினிமா எடுத்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ரோமாபுரிக் கதை. அதில் எங்கள் பீரங்கியும் நடித்தது.

பீரங்கி எங்கள் குதிரை. குட்டியாக இருந்தபோது தகரக் கதவை ஓர் உதை உதைத்து 'டமால்' என்று தெருவையே எழுப்பிவிட்டதாம். அதனால் அந்தப் பெயர். மற்றபடி அது ரொம்ப சாது. ஈ உட்கார்ந்தால்கூடக் கோபப்படாமல் வாலை மெதுவாக ஆட்டும். மற்றவர்கள் குதிரைமேல் ஏறிப் போவார்கள். எங்கள் குதிரை ஜம்மென்று வேனில் ஏறிப் போகும். சினிமாவுக்குக் குதிரையைக் கூட்டிப் போய்க் கூட்டி வருவதுதான் அப்பாவின் வேலை.

எனக்கும் ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அது பள்ளிக்கூடத்தில் டீச்சர் வாசிக்கும் பட்டியலில் மட்டும்தான் வரும். மற்ற எல்லாருக்கும் நான் 'வாலு'.

அன்றைக்குப் பள்ளி விடுமுறை. படத்தின் முக்கியமான காட்சி எடுக்கிற நாள். போரில் ஜெயித்த தளபதி, வளைவு வாசலுக்குள்ளிருந்து குதிரையைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். படியருகே வந்ததும் குதிரைமேல் ஏறி, இருநூறு பேரும் 'வாழ்க' என்று கத்த, சக்கரவர்த்தி முன்னால் போய் நின்று தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டும். அன்றே எடுத்தாக வேண்டும். மறுநாள் காலையில் ரோமாபுரியை இடித்துவிட்டு அங்கே வேறு படத்துக்காக ரயில் நிலையம் கட்டப் போகிறார்கள்!

தளபதியாக நடித்தவர் பெரிய ஹீரோ. போன படத்தில் பறக்கிற விமானத்திலிருந்து குதித்தாரே, அவர்தான். நான் அவரையே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். தங்க நிறக் கவசம். முதுகில் சிவப்புப் போர்வை. தலையில் கவசம், அதன் உச்சியில் செக்கச்செவேலென்று சிவப்புக் குஞ்சம்.

"ரெடி! ஆக்‌ஷன்!" டைரக்டர் மேடம் மைக்கில் கத்தினார்.

தளபதி பீரங்கியின் கடிவாளத்தைப் பிடித்தார். இரண்டு அடி நடந்தார். அவ்வளவுதான். பீரங்கி கழுத்தை நீட்டி, அவர் தலையை நோக்கி 'லபக்' என்று வாயைத் திறந்தது.

"ஐயோ!" ஹீரோ துள்ளிக் குதித்துப் பத்தடி தள்ளி நின்றார்.

"கட்!"

மறுபடி எடுத்தார்கள். மறுபடி 'லபக்'. மூன்றாவது தடவை பீரங்கி இன்னும் வேகமாகப் பாய்ந்தது. தளபதி ஓடிப்போய்ச் சக்கரவர்த்தியின் பின்னால் ஒளிந்துகொண்டார். வீரர்கள் கேடயத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னங்க குதிரைக்காரரே, குதிரை கடிக்குது!" மேடத்துக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "பீரங்கின்னு பேர் வச்சா கடிக்காம என்ன செய்யும்?"

"பீரங்கி சுடும் மேடம், கடிக்காது" என்றேன்.

"வாலு, சும்மா இரு!" அப்பா என் கையைக் கிள்ளினார்.

"இந்தக் குதிரை சரியில்ல மேடம்" என்றார் ஹீரோ, சக்கரவர்த்தியின் முதுகுக்குப் பின்னாலிருந்தே. "முரட்டுக் குதிரை. மாத்திடுங்க."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாரும் சாப்பிடப் போங்க. மூணு மணிக்கு வேற குதிரை வருது. நீங்க உங்க குதிரையை வேன்ல ஏத்திக்கலாம்."

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. பீரங்கியை வேனுக்குப் பக்கத்தில் கூட்டிப் போனார்.

"போனா போகட்டும்ப்பா. வேற படம் வராதா?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாதும்மா. கடிக்கிற குதிரைன்னு ஒரு தடவ பேர் வந்துட்டா, அப்புறம் எந்தப் படத்துக்கும் கூப்பிட மாட்டாங்க. வேலை இல்லாத குதிரையை நாம எத்தனை நாள் வச்சிருக்க முடியும்? யாருக்காவது கொடுத்துட வேண்டியதுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பீரங்கியைக் கொடுப்பதா? என் பீரங்கியையா? நான் வாய்ப்பாடு படித்ததே அதோடு நடந்துகொண்டுதானே! தினமும் சாயங்காலம் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று சொல்லிக்கொண்டே சுற்றுவேன். அதுவும் காதை ஆட்டிக்கொண்டே கூட வரும். எனக்கு மறந்துபோய் நின்றால் அதுவும் நின்றுவிடும். மறுபடி சொன்னால் மறுபடி நடக்கும். ஏழாம் வாய்ப்பாடு வருவதற்குள் நாங்கள் இருவரும் எத்தனை மைல் நடந்தோமோ!

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் அழுதால் காரியம் நடக்குமா? தண்ணீர் வாளியை எடுத்துப் போய்ப் பீரங்கியின் முன்னால் வைத்தேன். அது தலையைக் குனிந்தது. அப்போதுதான் பார்த்தேன். அதன் உதடெல்லாம் சிவப்பு!

"அப்பா! ரத்தம்!"

அப்பா பதறிப்போய் ஓடிவந்தார். "கடிச்சே வச்சிடுச்சா? ஐயையோ, யாரை?"

விரலால் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசு என்று இருந்தது. மோந்து பார்த்தேன். ரத்த வாடையே இல்லை. எங்கேயோ மோந்த வாசனை. எங்கே? எங்கள் வீட்டுச் சமையலறையில்!

"அப்பா, இது பீட்ரூட்!"

"பீட்ரூட்டா? நான் எதுக்குப் பீட்ரூட் கொடுக்கப் போறேன்?"

"பத்து நிமிஷம் இருப்பா. வேன்ல ஏத்திடாத!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

செட் சாமான்கள் வைத்திருக்கும் கொட்டகையில் செட் மாமா இருந்தார். வாள், கேடயம், கிரீடம் எல்லாம் செய்கிறவர் அவர்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். அவருடைய பத்து விரலும் சிவப்பு.

"மாமா, தளபதி தலையில இருக்கிற குஞ்சத்தை எதுல செஞ்சீங்க?"

செட் மாமா திருதிருவென்று முழித்தார். "ஏன் கேக்கிற?"

"சொல்லுங்க மாமா!"

"அது... ஹீரோ சாருக்குப் பெயின்ட் வாசனையே ஆகாது. பத்து தும்மல் போடுவார். அதான் காய்ஞ்ச புல்லை எடுத்து, பீட்ரூட் சாறுல முக்கி, நிறம் நல்லா ஒட்டணும்னு கொஞ்சம் சர்க்கரைப் பாகும் சேர்த்து..."

"மாமா! புல்லு, பீட்ரூட், சர்க்கரை! நீங்க செஞ்சது குஞ்சம் இல்ல, பீரங்கிக்குச் சாப்பாடு!"

செட் மாமா கையிலிருந்த கரண்டி டப்பாவில் விழுந்தது. "அட கடவுளே! அப்போ அது அவரைக் கடிக்க வரலையா?"

"அவர் தலையில இருந்த விருந்தைச் சாப்பிட வந்துச்சு. விருந்து ஓடினா அதுவும் பின்னாடியே போகாதா?"

"மேடத்துக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சுடுவாங்களே!"

"முதல்ல வேற குஞ்சம் செய்யுங்க. உடுப்பு அக்காகிட்ட சிவப்பு உல்லன் நூல் இருக்கு. நான் காலையிலேயே பார்த்தேன்."

எல்லாருக்கும் வேஷ உடுப்பு மாட்டிவிடும் உடுப்பு அக்கா கேள்வி எதுவும் கேட்காமல் இரண்டு பெரிய நூல் உருண்டைகளைத் தூக்கிப் போட்டார். செட் மாமா சாப்பாட்டை மறந்து வேலையில் இறங்கினார். நான் ஹீரோவிடம் சொல்லப் பறந்தேன்.

அவருடைய வேனில் அவர் இல்லை. சாப்பாட்டுப் பந்தலிலும் இல்லை. கடைசியில் வளைவு வாசலுக்குப் பின்னால், பலகைகளுக்கு நடுவே, ஒரு கவிழ்த்த வாளியின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"சார்! சார்! பீரங்கி உங்களைக் கடிக்கவே வரல! உங்க குஞ்சம் பீட்ரூட்!" மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். "இப்போ வேற குஞ்சம் ரெடியாகுது. இனிமே அது உங்ககிட்ட வரவே வராது. நீங்க மேடம்கிட்ட சொல்லிடுங்க சார், அந்த வேற குதிரை வேண்டாம்னு!"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது.

"சார், காய்ச்சலா?"

"இல்ல பாப்பா." அவர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "எந்தக் குதிரை வந்தாலும் ஒண்ணுதான். எனக்குக் குதிரைன்னாலே பயம்."

"உங்களுக்கா? விமானத்துல இருந்து குதிச்சீங்களே!"

"அது நான் இல்ல, எனக்குப் பதிலா வேற ஒருத்தர். குதிரை ஓட்டுறதும் எப்பவும் அவர்தான். இந்த ஷாட்ல முகம் தெரியணுமாம், நானே பண்ணணுமாம். ஏழு வயசுல ஒரு குதிரை என்னைத் தூக்கி எறிஞ்சது. இன்னும் கனவுல வரும்." அவர் தன் கவசத்தைத் தட்டிக் காட்டினார். "இந்தத் தசை எல்லாம் ரப்பர்."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம்தான் முதலில் வாயில் வந்தது.

"உங்களுக்குப் பயம்னா பயம்னு சொல்ல வேண்டியதுதானே? என் பீரங்கி மேல எதுக்குப் பழி போட்டீங்க? உங்களால அதை யாருக்கோ கொடுக்கப் போறார் எங்கப்பா!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு பெரிய மனிதர், வாளிமேல் உட்கார்ந்து, வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் போல. நான் மட்டும் வெளியே போய், 'தளபதிக்குக் குதிரைன்னா பயம்' என்று ஒரு கத்து கத்தினால் போதும். இருநூறு வீரர்களும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஆனால் எனக்குக் கணக்குப் பரீட்சை என்றால் கை நடுங்கும். அப்போது யாராவது சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"சரி சார், எங்கப்பாவைத் தவிர யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றேன். "இன்னும் அரை மணி நேரம் இருக்கு. பீரங்கியைக் கூட்டிட்டு வரேன். ஓடிடாதீங்க!"

பலகைச் சுவருக்குப் பின்னால் எங்கள் பாடம் ஆரம்பித்தது. தளபதியின் தலைக்கவசம் குஞ்சம் மாற்றுவதற்காகச் செட் மாமாவிடம் போயிருந்தது. அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பீரங்கியின் வாயை நான் ஏற்கெனவே சுத்தமாகத் துடைத்திருந்தேன்.

"நேரா முன்னாடி நிக்காதீங்க சார். பக்கத்துல நில்லுங்க. கையை விரிச்சுக் காட்டுங்க, அது மோந்து பார்க்கட்டும்."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். பீரங்கி மோந்து பார்த்து 'புர்ர்' என்றது.

"திட்டுதா?"

"இல்ல சார், வணக்கம் சொல்லுது. இப்போ ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க."

"என்னது?"

"அது வாய்ப்பாடு கேட்டாத்தான் நடக்கும். என்னால பழகிப்போச்சு. நடுவுல நிறுத்தினா அதுவும் நின்னுடும். உங்களுக்கும் பயப்பட நேரம் இருக்காது."

தளபதி தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு..."

பீரங்கி காதை ஆட்டிக்கொண்டு நடந்தது! அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். இரண்டு சுற்று நடந்தார். பிறகு ஏறியும் உட்கார்ந்தார். எட்டாவது வரியில்தான் ஒவ்வொரு தடவையும் தடுக்கினார்.

"எட்டேழு... எட்டேழு... அம்பத்திநாலா?"

"அம்பத்தாறு சார்! ஹீரோவா இருந்துகிட்டு எட்டேழு தெரியாதா?"

"சின்ன வயசிலிருந்தே அது மட்டும் வராது பாப்பா. நீ எனக்கு எதிர்ல நில்லு. உன்னைப் பார்த்தா ஞாபகம் வரும்."

உடுப்பு அக்கா என் சட்டைமேல் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றி, தோளில் பின் குத்திவிட்டார். விளக்கு மினுக்கும் என் ஷூவைப் பார்த்து, "ரோமாபுரியில இதெல்லாம் கிடையாது, கழட்டு" என்றார். வெறுங்காலோடு, ரோமாபுரி ஜனங்களாக நடிக்கிற கூட்டத்தில் முதல் வரிசையில் போய் நின்றேன்.

ஹீரோ மேடத்திடம் போய், "பழைய குதிரையோடயே இன்னொரு தடவை முயற்சி பண்றேன்" என்று சொல்லிவிட்டார். மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை. சூரியன் அந்தத் தூணுக்குப் பின்னாடி போயிட்டா வெளிச்சம் போச்சு. அந்தப் பக்கம் வேற குதிரை வந்து இறங்கியாச்சு. ரெடி! ஆக்‌ஷன்!"

கொம்புகள் முழங்கின. முரசு அதிர்ந்தது. என் நெஞ்சும் அதே வேகத்தில் அடித்தது. வளைவு வாசலுக்குள்ளிருந்து தளபதி வந்தார். உச்சியில் உல்லன் குஞ்சம் ஆடியது. பீரங்கி அதை ஒரு தடவை மோந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்பாடா!

தளபதியின் உதடு அசைந்தது. மூவேழு இருபத்தொண்ணு. நாலேழு இருபத்தெட்டு. படியருகே வந்தார். ஒரே தாவலில் ஏறினார்!

"தளபதி வாழ்க! தளபதி வாழ்க!" கூட்டம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது.

ஆறேழு நாற்பத்திரண்டு. ஏழேழு நாற்பத்தொன்பது. பீரங்கி ராஜநடை போட்டு மைதானத்தின் நடுவுக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது.

தளபதியின் உதடும் நின்றிருந்தது. எட்டேழு! மனிதர் மறந்தே போய்விட்டார். முகம் வெளுத்துப் போனது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சூரியன் தூணைத் தொட்டுவிட்டது. வேனுக்குப் பக்கத்தில் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

தளபதி என்னைப் பார்த்தார்.

நான் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, கையை உயர்த்திக் கத்தினேன். "அம்பத்தாறு!"

எனக்குப் பக்கத்தில் நின்ற பெண், வசனத்தை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவரும் கையை உயர்த்தி, "அம்பத்தாறு!" என்றார். அடுத்து நின்ற வீரர் ஈட்டியைத் தூக்கினார். "அம்பத்தாறு!" அவ்வளவுதான், மொத்த ரோமாபுரியும் பிடித்துக்கொண்டது.

"அம்பத்தாறு! அம்பத்தாறு! அம்பத்தாறு!"

தளபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமான சிரிப்பு. நிமிர்ந்து உட்கார்ந்தார். பீரங்கியின் கழுத்தில் கையை வைத்தார். உதடு மறுபடி அசைந்தது. பீரங்கி தலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. பத்தேழு எழுபது வந்தபோது சரியாகச் சக்கரவர்த்தியின் முன்னால் போய் நின்றது. தளபதி தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"கட்! சூப்பர்!" மேடம் நாற்காலியில் ஏறி நின்று குதித்தார். "சத்தம் எல்லாம் அப்புறம் சேர்த்துக்கலாம். ஆனா யாரது அம்பத்தாறு?"

இருநூறு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் நைசாகச் சக்கரவர்த்தியின் அங்கிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அப்போது ஹீரோ பீரங்கியிலிருந்து இறங்கிவந்து மேடத்தின் கையிலிருந்த மைக்கை வாங்கினார். "எல்லாரும் கேளுங்க. இது கடிக்கிற குதிரை இல்ல. காலையில நான் சொன்னது தப்பு. எனக்குத்தான் குதிரைன்னா பயம். இந்தப் பாப்பாதான் என்னை ஏத்தி உட்கார வச்சா."

யாரும் சிரிக்கவில்லை. முதலில் சக்கரவர்த்திதான் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். கொட்டகை வாசலில் ஒரு சிவப்புக் கை மெதுவாக மேலே எழுந்தது.

"பீட்ரூட் போட்டது நான்தான் மேடம்" என்றார் செட் மாமா.

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அப்பாவிடம் போய், "அடுத்த படத்துல ரெண்டு மாசம் வேலை இருக்கு, பீரங்கியே வரட்டும்" என்று சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஹீரோ செட் மாமாவிடமிருந்து அந்தப் பழைய குஞ்சத்தைக் கேட்டு வாங்கினார். உள்ளங்கையை விரித்து, அதன்மேல் வைத்து, பீரங்கியின் வாயருகே நீட்டினார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. பீரங்கி ஒரே வாயில் அதைக் காலி செய்தது.

ஆறு மாதம் கழித்துப் படம் வந்தது. அப்பாவும் அம்மாவும் நானும் முதல் நாளே போனோம். அந்தக் காட்சி வந்தது. கொம்பு முழங்க, முரசு அதிர, தளபதி வந்தார். அவர் உதடு அசைந்தது.

"பாரு, எவ்வளவு பக்தியா கடவுளுக்கு நன்றி சொல்றார்!" பக்கத்துச் சீட்டு அத்தை தன் மகனிடம் சொன்னார். அப்பா முழங்கையால் என்னை இடித்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

திரையில் பீரங்கி மைதானத்தின் நடுவில் வந்து நின்றது. கூட்டம் 'வாழ்க வாழ்க' என்று கத்தியது. அது அப்புறம் சேர்த்த சத்தம். தளபதி யாரையோ தேடிப் பார்த்தார். என்னதான் அடக்கினாலும் என்னால் முடியவில்லை. சீட்டின்மேல் ஏறி நின்று, தியேட்டரே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன்.

"அம்பத்தாறு!"